மத்தியானப் படம் போட

முதலில் ஜன்னலை எண்ணுங்கள். எங்கள் சமுதாயக்கூடத்தில் 8. முதல் ஞாயிறு சாத்தினால் போதும் என்று நினைத்தேன். வெண்டிலேட்டர் வெயிலில் திரையில் முகமே தெரியவில்லை. இப்போது கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து ஆணியில் மாட்டுகிறோம். திரைக்கு இஸ்திரி போட்ட 8 முழ வேட்டி, இரண்டாக மடித்தது. மேலும் கீழும் மூங்கில் கோத்தால் சுருக்கம் விழாது. புரொஜெக்டரை வாடகைக்கு எடுங்கள், அதன் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். மின்விசிறிச் சத்தத்தில் வசனம் காணாமல் போகும். பஜனைக் குழுவின் ஒலிப்பெட்டியை இரவல் கேளுங்கள்.

இலவசக் காட்சிதானே என்று எந்தப் படத்தையும் போட்டுவிட முடியாது. இந்தியாவில் படத்தின் காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். கதைக்கும் பாட்டுக்கும் தனி உரிமை இருக்கலாம். அதனால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எனக்குச் சுலபமாகக் கிடைத்தவை குறும்படங்கள்தான். எடுத்த பிள்ளைகளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள்!

நேரம் இரண்டரை. பாத்திரம் கழுவி முடிந்திருக்கும். குழாயில் தண்ணீர் வர நாலரை ஆகும். பிள்ளைகளுக்கு முன்னால் பாய், முட்டிவலிப் பாட்டிகளுக்குக் கதவோரம் நாற்காலி. வழியில் ஒயர் கிடந்தால் டேப் ஒட்டுங்கள்.

படம் முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்து, அதன் விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள்.