ஒரு ஜூடோ வீராங்கனையின் பதக்கப் பட்டியலை எப்படிப் படிப்பது? எடித் பொஸ்ஸை வைத்துப் பார்க்கலாம்

என் மகளுக்கு 13 வயதில் நடந்தது இது. நெதர்லாந்தில் ஒரு சிறிய போட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டாள். சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பாதி வழியில் பயிற்சியாளரிடமிருந்து போன்: "ஹெர்கான்ஸிங்கில் அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள், எங்கே இருக்கிறீர்கள்?" தோற்றவர்களுக்குக் கிடைக்கும் மறுவாய்ப்புச் சுற்றுக்கு டச்சில் அதுதான் பெயர். மகளைத் தோற்கடித்த பெண் மேலே போனதால் மகளுக்கும் கதவு திறந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜூடோவை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். பாடப் புத்தகமாக எடுத்துக்கொண்டது நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் பிறந்த எடித் பொஸ்ஸின் பதக்கப் பட்டியலை. (Bosch என்ற எழுத்தைப் பார்த்து "பாஷ்" என்று வாசித்துவிடாதீர்கள். இங்கே ஜூடோவே "யூடோ"தான்.)

முதலில் எடைப்பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடையது 70 கிலோ. ஒலிம்பிக்கில் ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். 2004, 2008, 2012 என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக்கில் ஒரே பிரிவில் ஒரே பெயர் இருந்தால், அந்த இடத்தை உள்நாட்டிலேயே எட்டு வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். பட்டியலில் இதற்குத் தனி வரி கிடையாது, நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்து, பதக்கத்தின் நிறத்தை மறந்துவிட்டுக் கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேளுங்கள். 2004 ஏதென்ஸில் வெள்ளி. அப்படியானால் கடைசி ஆட்டம் தோல்வி. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் இரண்டிலும் வெண்கலம். அப்படியானால் நடுவில் எங்கேயோ தோற்று, மூச்சு வாங்கி, திரும்ப வந்து கடைசி ஆட்டத்தை ஜெயித்திருக்கிறார். வெண்கலக்காரர்கள் மேடையில் சிரிப்பதும் வெள்ளிக்காரர் முகம் தொங்கிப்போய் நிற்பதும் இதனால்தான். ஜூடோவில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு வெண்கலம் உண்டு, அதையும் மறக்காதீர்கள்.

இப்போது ஒரு தாளில் ஆட்ட அட்டவணையை வரையுங்கள். கையால் வரைந்தால்தான் மண்டையில் ஏறும். பெய்ஜிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலிறுதியில் பொஸ் அமெரிக்காவின் ரோண்டா ரௌஸியை வென்றார். அரையிறுதிக்குப் போனவரிடம் முன்சுற்றுகளில் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு என்பது அன்றைய விதி. பொஸ் மேலே போனதால் ரௌஸிக்கும் வழி கிடைத்தது. பொஸ் அரையிறுதியில் தோற்றார், இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வந்து ஆளுக்கொரு வெண்கலம் வாங்கினார்கள். நம்மைத் தோற்கடித்தவருக்காக நாமே கைதட்ட வேண்டிய விசித்திரமான விளையாட்டு! லண்டனில் இந்த விதி மாறி, காலிறுதியில் தோற்றவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அதனால் எந்த வருட அட்டவணை என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

யாரிடம் தோற்றார் என்பதை அடுத்த பத்தியில் எழுதுங்கள். ஏதென்ஸ் இறுதியில் எதிரே நின்றவர் ஜப்பானின் மசாயே உயேனோ. 2001லும் 2003லும் உலக சாம்பியன். நான்கு வருடம் கழித்துப் பெய்ஜிங்கிலும் தங்கம் அவருக்கே. லண்டனில் தங்கம் பிரான்ஸின் லூஸி டெகோஸுக்கு. பெய்ஜிங்கில் 63 கிலோவில் வெள்ளி வாங்கிவிட்டு மேல் பிரிவுக்கு வந்து, 2010, 2011 உலகப் பட்டங்களை எடுத்தவர் அவர். உயேனோ போய் டெகோஸ் வந்தாயிற்று, மேடையில் பொஸ் மட்டும் அப்படியே நிற்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த வரியில்தான்.

தங்கம் இல்லையா என்றால், இருக்கிறது: 2005 கெய்ரோ உலகப் போட்டி. அப்போது உலகப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். 2009க்குப் பிறகு கிட்டத்தட்ட வருடா வருடம் என்று ஆகிவிட்டது. அதனால் பழைய பட்டங்களையும் புதியவற்றையும் வெறும் எண்ணிக்கையாக ஒப்பிடாதீர்கள்.

பழைய வீடியோ பார்க்கும்போது கடிகாரமும் புள்ளிப்பலகையும் குழப்பும். ஏதென்ஸ், பெய்ஜிங் ஆட்டங்களில் "கோகா" என்ற மிகச் சிறிய புள்ளி தெரியும். 2009இல் அது போய்விட்டது. பெண்களுக்கு அன்று ஐந்து நிமிடம், இப்போது நான்கு. தரையில் அமுக்கிப் பிடித்து "இப்போன்" (ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப் புள்ளி) வாங்க அன்று 25 விநாடி, இப்போது 20. காலைக் கையால் பிடித்துத் தூக்குவதைப் பார்த்து "இது தப்பாச்சே" என்று என் மகள் கத்தினாள். அன்றைக்குத் தப்பில்லை. 2010இல் கட்டுப்படுத்தி, 2013இல் அடியோடு எடுத்தார்கள்.

பட்டியலில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வெண்கலம் வாங்கிய சில நாளில் பொஸ் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் பார்க்கப் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவன் ஓடுதளத்தில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசினான். அத்தனை ஆயிரம் பேர் இருந்த அரங்கில் யாருக்குப் பக்கத்தில் நின்று வீசுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு அடி வாங்கிய பிறகு தெரிந்திருக்கும்.

போன மாதப் போட்டியில் மகள் இரண்டாவது சுற்றில் தோற்றாள். பெல்ட்டை அவிழ்க்கவில்லை. ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொண்டு, நேராக அட்டவணைப் பலகைக்கு முன்னால் போய், தன்னைத் தோற்கடித்த பெண்ணின் பெயருக்கு மேலே எந்தக் கோடு போகிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.