கட்சிக்கு இரண்டு தலைவர்கள்: சட்ட விதிகளை எழுதும் முறை

இரட்டைத் தலைமை என்று தீர்மானம் போடுவது எளிது. அந்த இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாளில் கட்சி எப்படி நடக்கும் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். பல வரைவுகளில் ‘இருவரும் இணைந்து செயல்படுவார்கள்’ என்ற ஒரே வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியே, கட்சி மொத்தத்தையும் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறது.

பதவிப் பெயர் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவர் ஒருங்கிணைப்பாளர், மற்றவர் இணை ஒருங்கிணைப்பாளர் என்றால், அதிகாரம் சமம் என்று விதி சொன்னாலும் தொண்டர்கள் ‘இணை’யை இரண்டாம் இடமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, தலைமை செய்யும் வேலைகளை ஒன்றுவிடாமல் தாளில் எழுதுங்கள். இருபது முப்பதாவது வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: இன்னார் மட்டும், இருவரில் யாரேனும், இருவரும் சேர்ந்து. அறிக்கை, சுற்றுப்பயணம், நிர்வாகிகள் சந்திப்பு எல்லாம் யாரேனும் ஒருவர் செய்யலாம். கூட்டணி, வேட்பாளர் தேர்வு, மாவட்டச் செயலாளரை நீக்குவது, கட்சிச் சொத்தை விற்பது ஆகியவற்றுக்கு இருவரும் வேண்டும். இந்தப் பிரிவு நான்கைந்தைத் தாண்டினால் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அங்கே சேரும் ஒவ்வொரு வேலையும் பின்னால் ஒரு முட்டுக்கட்டை.

கையெழுத்தில்தான் பெரிய ஆபத்து. 1968ஆம் ஆண்டுத் தேர்தல் சின்னங்கள் ஆணையின் 13ஆவது பத்திப்படி, இவர்தான் கட்சியின் வேட்பாளர் என்று தேர்தல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் ஏ, பி படிவங்கள் வேட்புமனுவுக்கான கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மையால் இட்ட கையெழுத்து மட்டுமே செல்லும். ரப்பர் முத்திரையோ அச்சிட்ட கையெழுத்தோ செல்லாது. இதற்கு இருவர் கையெழுத்தும் தேவை என்று கட்சி விதி சொன்னால், ஒருவர் பேனாவை எடுக்காமல் இருந்தாலே சின்னம் போய்விடும். 2022இல் தமிழ்நாட்டில் நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தலில், அப்போது ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரட்டைத் தலைமையில் இருந்த அதிமுகவினருக்கு இரட்டை இலை கிடைக்காமல் போனது இப்படித்தான்.

ஆகவே முடிவையும் கையெழுத்தையும் பிரித்துவிடுங்கள். வேட்பாளரை இருவரும் முடிவு செய்யட்டும். படிவத்தில் கையெழுத்திடுபவர் அவைத்தலைவரோ தலைமை நிலையச் செயலாளரோ ஆகட்டும். தீர்மானம் கைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் அவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும், மறுக்க அவருக்கு உரிமை இல்லை என்றும் எழுதுங்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன இடைக்கால ஏற்பாடும் இதற்கு நெருக்கமானது: பொதுக்குழு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும், அவைத்தலைவர் அதைத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்புவார்.

இழுபறி விதியில் கடிகாரம் இருக்க வேண்டும். ‘கருத்து வேறுபாடு எழுந்தால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்’ என்பது விதியே அல்ல. இப்படி எழுதலாம்: “கூட்டு முடிவு தேவைப்படும் பொருளில் ஒரு தலைவர் எழுத்தில் முன்மொழிந்து 72 மணி நேரத்துக்குள் மற்றவர் எழுத்தில் பதில் தராவிட்டால் அது ஒப்புதலாகக் கொள்ளப்படும். மறுத்தால், பொருள் தீர்வுக் குழுவுக்குச் செல்லும். குழு 48 மணி நேரத்துக்குள் பெரும்பான்மை வாக்கில் முடிவு செய்யும்.” வேட்புமனுக் காலத்தில் இரண்டையும் 12 மணி நேரமாகக் குறையுங்கள். குழுவில் ஏழு பேர், குறைந்தபட்ச வருகை ஐந்து. ஏழு பேரையும் பொதுக்குழு ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவர்களே நியமித்தால் ஆளுக்கு மூன்று பேரை அனுப்பிவிட்டு ஏழாவது ஆளுக்காக மறுபடி சண்டை போடுவார்கள்.

பொதுக்குழுவைக் கூட்டும் அதிகாரத்தை இருவரிடம் மட்டும் பூட்டிவைக்கவே கூடாது. 2022 ஜூலை 11 அதிமுக பொதுக்குழு முறையாகக் கூட்டப்பட்டதா என்ற வழக்கு, உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, இரு நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம் என்று 2023 பிப்ரவரி 23 வரை நீண்டது. ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் அவைத்தலைவர் கூட்ட வேண்டும், 15 நாள் முன்னறிவிப்பு, பொருள்பட்டியல் அறிவிப்போடு இணைந்திருக்க வேண்டும் என்று மூன்றையும் எண்ணோடு எழுதுங்கள்.

இருவரையும் ஒரே வாக்கில் ஜோடியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜோடியில் ஒருவர் விலகினால் மற்றவரின் பதவி செல்லுமா என்ற கேள்வி உடனே எழும். நியூசிலாந்து பசுமைக் கட்சியில் 2022இல் இணைத் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஷாவுக்குத் தேவையான 75 சதவீத ஆதரவு கிடைக்கவில்லை. மறுதேர்வு நடக்கும்வரை மராமா டேவிட்சன் தனியாகத் தலைமையை நடத்தினார், கட்சி நிற்கவில்லை. தனித்தனி வாக்குச்சீட்டு, ஒரு இடம் காலியானால் மற்றவர் முழு அதிகாரத்தோடு அதிகபட்சம் 90 நாள் தொடர்வார், அதற்குள் தேர்தல்: இதுவே பாதுகாப்பான அமைப்பு. விதித் திருத்தத்துக்குப் பொதுக்குழுவின் பின்னேற்பு (பிறகு தரும் ஒப்புதல்) தேவையானால், அது கிடைக்காதபோது பழைய விதி திரும்புமா, பதவி காலாவதியாகுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். அதிமுக வழக்கில் இதுவும் பெரிய வாதமாக வந்தது.

பணம் பொருளாளரிடம். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் அறிக்கையை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி அவரோ கட்சி அதிகாரம் அளித்த வேறொருவரோ தயாரிக்க வேண்டும். காசோலைக்குப் பொருளாளரும் இரு தலைவர்களில் ஒருவரும் போதும்.

சட்டமன்றத்தில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடும் கொறடா விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொறடாவை நியமிப்பது அரசியல் கட்சிதான், சட்டமன்றக் கட்சி அல்ல என்று சிவசேனா பிளவு தொடர்பான மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 மே 11 அன்று சொன்னது. இரு தலைவர்கள் சபாநாயகருக்கு இரண்டு பெயர்களை அனுப்பினால் கட்சித்தாவல் வழக்கே ஆட்டம் காணும். செயற்குழுத் தீர்மானத்தின் நகல் இணைக்கப்படாத கடிதம் செல்லாது என்று விதியிலேயே எழுதுங்கள்.

பொதுக்குழு நிறைவேற்றியதும் நிர்வாகிகள் மாற்றத்தைத் தாமதமின்றித் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ(9) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கூட்ட அறிவிப்பு அனுப்பிய அஞ்சல் ரசீது, வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் மூன்றின் சான்றிட்ட நகல்களையும் அன்றே தலைமை நிலையத்துக்கு வெளியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிளவு வந்து சின்னங்கள் ஆணையின் 15ஆவது பத்திப்படி சின்னத்துக்கு உரிமை கோர நேர்ந்தால், யார் பக்கம் பெரும்பான்மை என்பதைக் காட்ட இவைதான் கையில் இருக்கும். தலைமை நிலையச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை அன்று யாராலும் சொல்ல முடியாது.