ஊர் நாடகத்துக்குப் போஸ்டர் வரையப் போகும் கார்ட்டூனிஸ்டுக்கு

நாடகக் குழுவிலிருந்து போன் வரும். "தம்பி, நம்ம நோம்பிக்கு நாடகம் போடறோமுங்க, ஒரு போஸ்டர் போட்டுக் குடுங்க, கதையை வாட்ஸப்புல அனுப்பி வுடறேன்" என்பார்கள் (நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா). கதையை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து வரைய உட்காராதீர்கள். ஒத்திகை எங்கே, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். போஸ்டருக்கான படம் ஒத்திகையில்தான் இருக்கிறது, கதைத்தாளில் இல்லை. இத்தனை வருடம் வரைந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான், மீதி எல்லாம் இதிலிருந்து வருவது.

திருப்பூர், ஈரோடு பக்கம் ஒத்திகை என்றால் ஞாயிற்றுக்கிழமை, இல்லாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல். நடிப்பவர்கள் தறி ஓட்டிவிட்டு, பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு, தோட்டத்தில் தண்ணி கட்டிவிட்டு வருகிறவர்கள். இடம் பள்ளிக்கூட வராந்தாவாக இருக்கும், அல்லது காலியாகக் கிடக்கும் தறிக் குடோன். ஒரு ஓரமாக, வாசலுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். கோடு போடாத நோட்டு ஒன்று, பால்பாயிண்ட் பேனா ஒன்று போதும். பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வீட்டில் வரையலாம் என்று நினைப்பீர்கள். போட்டோவில் எல்லாமே ஒரே அளவில் வந்து விழும், எது முக்கியம் என்று அது சொல்லாது. கண்ணால் பார்த்து அரை நிமிடத்துக்குள் வரையும்போது, கை தானாக முக்கியமானதை மட்டும் எடுக்கும்.

முதல் நாள் முகம் வரையவே வேண்டாம். முதுகுக் கோடு, தலை சாய்வு, எந்தக் காலில் பாரம், கைகள் எங்கே, அவ்வளவுதான். இரண்டாம் நாள், திரும்பத் திரும்ப வருவதைத் தேடுங்கள். கூட்டுக் கிணற்றுத் தகராறு பற்றிய நாடகம் ஒன்றுக்கு நான் போயிருந்தேன். முறைத் தண்ணியில், அதாவது ஆளுக்கொரு முறை வைத்துப் பாய்ச்சும் தண்ணியில், பங்காளியை ஏமாற்றும் பெரியவராக நடித்தவர் நிஜத்தில் தறிக்காரர். பொய் சொல்ல வேண்டிய வசனம் வரும்போதெல்லாம், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அக்குளுக்குள் இடுக்கிக்கொள்வார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவருக்கே தெரியாது. மூன்று ஒத்திகையில் பதினோரு முறை வரைந்தேன். படத்தைக் காட்டியதும், "ஏன் கண்ணு, நானு இப்படியா பண்றேன்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இயக்குநர் அந்தத் துண்டை வைத்தே ஒரு காட்சியை மாற்றினார்: கடைசியில் உண்மையைச் சொல்லும்போது துண்டு கீழே விழும். போஸ்டரிலும் அதுதான் வந்தது. ஒரு கை, ஒரு துண்டு, பின்னால் கிணற்று மேடு. முகமே கிடையாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்ட்டூனிஸ்டுக்கு எதையும் பெரிதாக்கி வரையும் கை. அரசியல்வாதியின் மூக்கை நீட்டலாம், அது பொது வாழ்க்கைக்கு வந்தவர் வாங்கிக்கொள்ள வேண்டியது. ஊர் நாடகத்தில் நடிப்பவர் அப்படி இல்லை, போஸ்டர் ஒட்டிய அதே சுவரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஒரு முறை ஒரு நடிகரின் எத்துப்பல்லைப் பெரிதாக்கி வரைந்துவிட்டேன். ஒட்டிய மறுநாள் அவர் ஒத்திகைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய அம்மாதான் சொன்னார்: "பள்ளிக்கூடம் போற காலத்துலருந்து அவன் கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பானுங்க தம்பி." அன்று ராத்திரியே ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தேன். உடம்பைப் பெரிதாக்காதீர்கள், பாத்திரம் செய்வதைப் பெரிதாக்குங்கள். பல், நிறம், தொப்பை, வழுக்கை எதிலும் கை வைக்காதீர்கள். அச்சுக்குப் போகும் முன், படத்தில் இருப்பவரிடம் தனியாகக் காட்டிச் சம்மதம் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்டால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சரி, போஸ்டர். ஒரே ஒரு படம். பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் கார்ட்டூன் போட்டபோது கூடவே விளக்கமும் எழுதினார், பத்திரிகையைக் கையில் வைத்து உட்கார்ந்து படிப்பவருக்கு அது சரி. நம் போஸ்டரைப் பார்ப்பவர் டவுன் பஸ் ஜன்னலில் இருக்கிறார், அல்லது பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறார். அவருக்கு விளக்கம் படிக்க நேரமில்லை. எல்லா நடிகர்களையும் வட்டம் வட்டமாகப் போட்டுவிடலாம் என்று குழுவில் யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். பெயர்களைக் கீழே வரிசையாகப் போடலாம், முகங்கள் வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பழைய உதாரணம் வேண்டுமானால் பாரீஸ் ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1891இல் மூலான் ரூஷ் நடன அரங்குக்கு வரைந்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் கூட்டம் முழுக்கக் கருப்பு நிழல், முன்னால் ஓர் ஆள் சாம்பல் நிழல், நடுவில் ஆடும் பெண் மட்டும் தெளிவாகத் தெரிவாள். எதை நிழலாக்குவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தலைப்பைக் கையால் எழுதுங்கள். கார்ட்டூனிஸ்ட் வரைகிற போஸ்டரில் கம்ப்யூட்டர் எழுத்தைப் போடுவது எனக்கு மனசே ஒப்பாது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று போர்டு தொழிலில் ஒரு கணக்கு உண்டு. தமிழுக்கு நான் இன்னும் பாதி சேர்த்துக்கொள்வேன், ஏனென்றால் மேலே ஈகாரச் சுழி, கீழே ழு, ணு என்று இறங்கும் கால், இரண்டுக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடம்பு சின்னதாகிவிடும். இரண்டு வரித் தலைப்பென்றால் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளாமல் பாருங்கள். வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு இருபதடி தள்ளிப் போய் நின்று, பாதிக் கண்ணை மூடிப் பாருங்கள். அப்போதும் படம் தெரிய வேண்டும்.

நாளோடு கிழமையும் போடுங்கள், நம் ஊரில் தேதியைவிடக் கிழமைதான் மனசில் நிற்கும். 'வரும் ஞாயிறு' என்று மட்டும் எழுதாதீர்கள், போஸ்டர் அடுத்த ஞாயிறும் சுவரில் இருக்கும். இடத்துக்கு அடையாளம் வேண்டும்: மாரியம்மன் கோயில் திடல், பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில், அந்த மாதிரி. நாடகம் முடியும் நேரத்தையும் கடைசி டவுன் பஸ் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பஸ் கிடைக்கும் என்றால் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியில்தான். எழுதி முடித்ததும் குழுவில் இல்லாத ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ர, ற இடம் மாறியதும் ஒற்று விட்டுப்போனதும் நம் கண்ணில் படாது.

அச்சுக்கு முன்னால் பிரதி எத்தனை என்று முடிவு செய்யுங்கள். ஆப்செட்டில் நான்கு கலர் என்றால் நான்கு பிளேட், நூறு இருநூறு பிரதிக்கு அந்தச் செலவு கட்டுபடி ஆகாது. நம் பக்கம் அதற்கு நல்ல வழி இருக்கிறது: திருப்பூரில் பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடும் பட்டறைகள். பேப்பரிலும் போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கலருக்கு ஒரு பிரேம், ஆகவே இரண்டு கலரோடு நிறுத்துங்கள். வெளிர் நிறம் முதலில், கருப்பு கடைசியில். கருப்புக் கோட்டுக்கு அடியில் வெளிர் நிறம் ஒரு நூல் உள்ளே போகிற மாதிரி வரைந்தால், பேப்பர் கொஞ்சம் நகர்ந்தாலும் இடையில் வெள்ளை தெரியாது. காசு இன்னும் குறைவு என்றால் மஞ்சள் அல்லது ரோஸ் கலர் பேப்பர் வாங்கிக் கருப்பில் மட்டும் அடியுங்கள், ஒரு கலர் செலவில் இரண்டு கலர் கிடைக்கும். பேப்பர் அளவில் டபுள் டெமி என்பது 22.5க்கு 35 அங்குலம், டபுள் கிரவுன் 20க்கு 30. டீக்கடைச் சுவருக்கு டபுள் கிரவுனே தாராளம். ஒட்டுவதற்கு 70, 80 ஜிஎஸ்எம் (பேப்பரின் எடைக் கணக்கு) பேப்பர் போதும், தடித்த ஆர்ட் பேப்பர் பசையில் படியாமல் மூலை தூக்கிக்கொள்ளும்.

பிரஸ்ஸில் முதலில் கேட்பது, "கர்வ் பண்ணிட்டீங்களா தம்பி?" என்றுதான். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் கொடுத்தால், அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்காது, 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து அச்சாகும். கோட்டுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பேப்பரை வெட்டுவதற்காக ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதல் விடுங்கள், அடியில் அச்சகத்தின் பெயர் போட ஒரு வரி இடமும் விடுங்கள். வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு இதையே சுருக்கி அனுப்பாமல், 1080க்கு 1920 அளவில், படமும் நாளும் இடமும் மட்டும் வைத்துத் தனியாக ஒன்று செய்யுங்கள்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் மயில் துத்தம் கலப்பார்கள். அது விஷம், பசை வாசனைக்கு மாடு போஸ்டரை இழுத்துத் தின்னும், வேண்டாம். சுவர்க்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, அரசுச் சுவர்களைத் தொடாதீர்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஒட்டாதீர்கள். எப்போது ஒட்டுவது? வெள்ளி ராத்திரி. சனிக்கிழமை சம்பளம் வாங்கி எல்லோரும் கடைவீதிக்கு வரும்போது பசை காய்ந்திருக்க வேண்டும்.

போஸ்டரோடு வேலை முடிந்தது என்று ஒத்திகைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். மேடைத் திரை நீங்கள் வரையலாம். காடாத் துணி நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது. அகலத்துக்குத் தகுந்தபடி ஒட்டுத் தையல் போட்டு, நெசவில் பாவு நூலுக்குப் போடுவது மாதிரி மரவள்ளி மாவுக் கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சிப் பூசிக் காயவிட்டால் பெயிண்ட் உறிஞ்சாது. பெயிண்டையும் மெல்லியதாகவே பூசுங்கள், கெட்டியாகப் பூசினால் மூங்கிலில் சுருட்டும்போது உதிரும். வெளிர் மஞ்சளை நம்பாதீர்கள், மேடையில் மஞ்சள் லைட் விழுந்தால் வெள்ளைத் துணியாகவே தெரியும். போஸ்டரில் வந்த கிணற்று மேடு திரையிலும் வரட்டும், சுவரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் மேடையைப் பார்த்ததும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். முன்வரிசைக் குழந்தைகள் அதைக் கை நீட்டிச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

நாடகம் முடிந்த மறுநாள் காலையில் போஸ்டர்களை எடுத்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பியுங்கள். சுவரில் தண்ணி தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டால் முழுசாக உரிந்து வரும். ஒட்டாத பிரதி ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் நாள், இடம், நடித்தவர்கள், திரை கட்டியவர், லைட் பார்த்தவர், டீ கொண்டுவந்தவர் வரைக்கும் எல்லார் பெயரையும் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். நோட்டில் வரைந்தவற்றை அவரவர் படமாகக் கிழித்து, தேதி போட்டு, அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.