5 சென்ட்ல வீடு கட்டுதீங்களா? கக்கூஸ் குழி தோண்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

நம்ம நாகர்கோவில் பக்கம் வீடு கட்டுறவங்க பூஜை ரூம் எங்க, கிச்சன் எந்த மூலைன்னு ஒரு மாசம் பேசுவாங்க, செப்டிக் டேங்க் எங்கன்னு கேட்டா மட்டும் "அது கொத்தனார் பாத்துக்கிடுவாரு"ன்னு முடிச்சிருவாங்க. கெணறு, கழிவுக்குழி, மழைத்தண்ணி, சோலார் நாலையும் ஒரே பேப்பர்ல வரையணும், ஏன்னா ஒண்ணோட இடம் இன்னொண்ணத் தள்ளும்.

முதல்ல கெணத்தக் குறிங்க. உங்க கெணறு மட்டுமில்ல, சுத்தி இருக்குற நாலு வீட்டுக் கெணறும், போரும். கழிவுநீர் உறிஞ்சுகுழி, அதாவது செப்டிக் டேங்குல இருந்து வழியுற தண்ணிய மண்ணுக்குள்ள எறக்குற குழி, குடிதண்ணிக் கெணத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு இந்தியத் தரநிலை சொல்லுது, அதாவது கிட்டத்தட்ட 60 அடி. 5 சென்ட்னா 2178 சதுர அடி, 40க்கு 54 மனைன்னு வச்சுக்கோங்க, அதுல கெணறு ஒரு மூலையிலயும் குழி நேர் எதிர் மூலையிலயும் இருந்தாத்தான் 60 அடி தேறும், பக்கத்து வீட்டுக்காரர் கெணறு அந்த மதில ஒட்டி இருந்தா அதுவும் போச்சு. அதனால ரெண்டு வீட்டுக்காரங்களும் முன்னாடியே பேசிக்கிட்டு கெணறு ஒரு பக்கம், குழி ஒரு பக்கம்னு வச்சா ரெண்டு பேருக்கும் நல்லது.

இடம் பத்தலன்னா குழிக்குப் போற தண்ணியக் கொறைங்க. குளிக்குற தண்ணி, துணி துவைக்குற தண்ணி இதெல்லாம் செப்டிக் டேங்குக்குப் போகவே வேண்டாம், தனி பைப் போட்டு தென்னை மூட்டுக்கும் வாழைக்கும் விடுங்க. டேங்குக்கு அடியில கட்டாயம் கான்கிரீட் போடணும், உள்ள ரெண்டு அறையாவது இருக்கணும். அடி போடாம விட்டா டேங்க் சீக்கிரம் நிறையாதுன்னு சிலர் பெருமையா சொல்லுவாங்க, நிறையாதது எங்க போகுதுன்னு யோசிங்க. மணக்குடி, குளச்சல் மாதிரி கடலோரத்துல நிலத்தடி நீர் ரொம்ப மேல நிக்கும், அங்க உறிஞ்சுகுழிய ஆழமாத் தோண்டுனா மழைக்காலத்துல அது தண்ணியிலயே மூழ்கிக் கெடக்கும், அதனால ஆழம் கொறச்சு அகலமாப் போடுங்க.

மூடிக்கு மேல டைல்ஸ் ஒட்டாதீங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா லாரி வந்து உறிஞ்சணும், ஹோஸ் எட்டுற இடமா பாருங்க. ஆள உள்ள எறக்கவே கூடாது, வெசவாயு, மனுசக் கழிவ மனுசன் அள்ளத் தடைபோட்ட 2013 சட்டப்படி குத்தமும்கூட. டேங்க் வழிஞ்சு வர்றத தெரு ஓடையில விடுறதும் நம்ம ஊர்ல சகஜமாயிட்டு, ஓடை பழையாத்துல சேந்து சுசீந்திரம் வழியா மணக்குடி காயலுக்குத்தான் போகுது. பாதாள சாக்கடை லைன் உங்க தெருவுக்கு உண்டான்னு வார்டுல கேட்டுட்டு, உண்டுன்னா பின்னாடி இணைக்குற மாதிரி ஒரு பைப் விட்டு வைங்க. ஆனா அந்த லைன்ல மொட்டைமாடித் தண்ணிய மட்டும் கலக்காதீங்க, பெருமழையில எல்லா வீட்டுக் கக்கூசும் எதிர்த்து வரும்.

மழைத்தண்ணிக் கணக்கு ஈசி. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடின்னா 93 சதுர மீட்டர், வருஷத்துல ஆயிரம் மில்லி பெஞ்சாலும் ஆவியா போறது சிந்துறது போக 70,000 லிட்டருக்கு மேல கிடைக்கும். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இந்த பாக்கியம் பல மாவட்டத்துக்குக் கிடையாது, இருந்தும் பங்குனியில குடத்தோட நிக்குறோம். முதல் மழையில வர்ற காக்கா எச்சம், சருகு எல்லாம் வெளிய போக ஒரு தனி வால்வு வைங்க. அதுக்கப்புறம் ஜல்லி, கரி, மணல் போட்ட தொட்டி, அதுல இருந்து கெணத்துக்கு. மழைநீர் சேகரிப்ப 2003லயே தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கிட்டு, ஆனா பைப் மட்டும் தொங்கிக்கிட்டு கீழ ஒண்ணும் இல்லாத வீடுதான் பாதி. முற்றம் பூரா இன்டர்லாக் கல்லு பதிச்சா மழைத்தண்ணி எறங்காது, கொஞ்சம் மண்ணா விடுங்க. அப்புறம் மனை வாங்கும்போதே எஃப்எம்பி ஸ்கெட்ச்ல (சர்வே துறையோட நில அளவு வரைபடம்) பக்கத்துல குளம், வாய்க்கால் இருக்கான்னு பாருங்க, நிரப்புன வயல்னா தண்ணி பழைய இடத்தத் தேடி வரத்தான் செய்யும்.

சோலாருக்கு நம்ம ஊர்ல முதல் எதிரி தென்னைதான். பேனல்ல ஒரு மூலையில ஓலை நிழல் விழுந்தாலும் கரண்டு கணிசமாக் கொறையும், அதனால காலை ஒன்பதுல இருந்து சாயங்காலம் மூணு வரை மாடியில நின்னு நிழல் எங்க விழுதுன்னு பாருங்க. பேனல் தெற்கப் பாத்து, பத்து டிகிரி சாய்வு போதும். சின்டெக்ஸ் டேங்கயும் மாடிப்படி ரூமையும் வடக்க தள்ளிருங்க. 3 கிலோவாட்டுக்கு சுமார் 300 சதுர அடி இடம் வேணும், நல்ல வெயில்ல நாளைக்கு 12 யூனிட் கிடைக்கும், சாரல் மாசத்துல கொறையும். 2024ல வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், பதிவு பண்ண வெண்டர்கிட்ட போட்டாத்தான் கிடைக்கும். பேட்டரி இல்லாம கரண்டு லைனோட சேந்து ஓடுற சாதா ஆன்கிரிட்னா கரண்டு போனா சோலாரும் நின்னுரும், இத முன்கூட்டியே சொல்லுற வெண்டர் கம்மி. 2017 ஒக்கி புயல்ல நாள்கணக்கா இருட்டுல கெடந்தவங்க எல்லாரும் பேட்டரியும் சேத்து ஓட்டுற ஹைபிரிட் இன்வெர்ட்டர் விலையும் கேட்டு வைங்க. முப்பந்தல்ல காத்தாலை சுத்துற காத்து நம்ம மாடிக்கும் வரும், ஸ்டாண்டு கான்கிரீட்ல ஆழமா எறங்கியிருக்கணும். உப்புக்காத்துக்கு கால்வனைஸ்ட் ஸ்டாண்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டு. பேனல்ல விழுற மழையும் அதே மழைநீர் பைப்புக்கு வரட்டும், அதனால பேனல் கழுவ சோப்பு வேண்டாம், பச்சத் தண்ணி போதும்.

கடைசியா, பைப்ப மண்ணு போட்டு மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லைனயும் பக்கத்துல டேப் வச்சு போன்ல போட்டோ எடுத்து வைங்க. பத்து வருஷம் கழிச்சு அடைப்பு எடுக்க வர்ற ஆளு முதல்ல கேக்கப்போறது அதத்தான்.