மக்கள் வெறுத்த போர் ஒரு நாட்டைப் பிளந்த விதத்தை ஆராய்வது எப்படி: வியட்நாம் போர்க்கால அமெரிக்காவை முன்வைத்து

வியட்நாம் போருக்கு எதிரான அமெரிக்கப் போராட்டங்களைப் பற்றி எழுத முற்படும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள்: ஒரு பக்கம் பதாகை ஏந்திய இளைஞர்கள், எதிரே துப்பாக்கி ஏந்திய காவலர்கள். அந்தக் காட்சி பொய்யன்று. ஆனால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சமூகம் எப்போது, யாருக்கும் யாருக்கும் இடையில் பிளந்தது என்பது பிடிபடாது. தெருவுக்கு வந்தவர்களைவிட வராதவர்களே மிகப் பலர். அவர்களில் போரையும் வெறுத்து, போரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களையும் வெறுத்த ஒரு பெருந்திரள் இருந்தது. அந்தத் திரளைக் கணக்கில் எடுக்காத ஆய்வு பாதிக் கதையையே சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம். பின்வரும் வழிமுறை அதை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது.

முதலில், தொடக்கத்தில் கிடைத்த ஒப்புதல் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளித்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் 1964 ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபையில் 416-0 என்றும் செனட்டில் 88-2 என்றும் நிறைவேறியது; எதிர்த்த இருவர் வேய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும். தீர்மானத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்ட, அமெரிக்கக் கப்பல்கள்மீதான வட வியட்நாமின் இரண்டு தாக்குதல்களில் இரண்டாவது நடக்கவே இல்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. பிற்காலச் சினத்தில் நம்பி ஏமாந்தவரின் கசப்பு ஏன் அவ்வளவு மிகுந்திருந்தது என்பது இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்து, ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட கருத்துக்கணிப்பு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெவ்வேறு கேள்விகளின் விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரு போக்கைக் காட்டுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று கேலப் நிறுவனம் கேட்டபோது, ‘தவறு’ என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம், 1968 ஆகஸ்டில் 53 சதவீதம், 1971 மே மாதத்தில் 61 சதவீதம். இதன் அருகில் படைபலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: 1965 இறுதியில் ஏறத்தாழ 1,84,000 வீரர்கள்; 1969 ஏப்ரலில் 5,43,000 வீரர்கள்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ‘தவறு’ என்றவர்கள் எல்லோரும் சமாதானம் வேண்டியவர்கள் அல்லர். ‘இறங்கியாயிற்று, இனி முழு பலத்தோடு அடித்து முடிக்க வேண்டும்’ என்று நினைத்தவர்களும் அந்த எண்ணிக்கையில் அடங்குவர். அக்கால அமெரிக்கர்கள் போரை ஆதரித்தவர்களைப் பருந்துகள் என்றும் எதிர்த்தவர்களைப் புறாக்கள் என்றும் இரு தரப்பாகப் பெயரிட்டார்கள். ஆனால் அதிருப்தி இரண்டு தரப்பிலும் இருந்தது. 1968 மார்ச்சில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான நியூ ஹாம்ப்ஷயர் முன்தேர்தலில், பதவியிலிருந்த அதிபர் ஜான்சனுக்கு எதிராக யூஜின் மெக்கார்த்தி 42 சதவீத வாக்குகள் பெற்றார். அவர் போர் எதிர்ப்பாளர். அவருக்கு வாக்களித்தவர்களிலோ போரை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்று விரும்பியவர்கள் கணிசமாக இருந்தார்கள். வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும்: முப்பது வயதுக்கு உட்பட்டவர்களைவிட முதியவர்களே போரைத் தவறென்று அதிகம் கூறினார்கள். இளைஞர்கள் எதிர்த்தார்கள், பெரியவர்கள் ஆதரித்தார்கள் என்ற வழக்கமான வாக்கியத்தை எழுதுமுன் இந்த அட்டவணைகளை ஒருமுறையாவது பாருங்கள்.

ஆய்வில் அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் கட்டாய ஆள்சேர்ப்பு. 1964 முதல் 1973 வரை 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இம்முறையில் படைக்கு எடுக்கப்பட்டார்கள். கல்லூரியில் படிப்பவர்களுக்குத் தற்காலிக விலக்கு இருந்ததால், படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வளாகத்தில் இருக்க, வசதியற்ற வீட்டுப் பிள்ளை சேற்று வயலில் துப்பாக்கியோடு நின்றான். ஆகவே மாணவர்களின் முழக்கத்தைக் கேட்ட தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுந்த சினத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தம் மகன் அங்கே இருக்கையில், விலக்குப் பெற்றவன் தேசியக் கொடியை எரிப்பதைப் பார்த்த புண்பட்ட மனம் அது. அதே குடும்பங்களில் பல போர் விரைவில் முடிய வேண்டும் என்றும் ஏங்கின. பிறந்த தேதியை வைத்து ஆளெடுக்கும் குலுக்கல் முறை 1969 டிசம்பர் 1 அன்று வந்தது; முதலில் எடுக்கப்பட்ட தேதி செப்டம்பர் 14. இம்முறை வந்த பின்னரும் விலக்குகள் உடனே மறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒவ்வொரு தரப்புக்குள்ளும் எழுந்த பிளவையும் தேடுங்கள். மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் போரை வெளிப்படையாகக் கண்டித்தபோது, அரசு மட்டுமன்றிக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பழம்பெரும் அமைப்பொன்றும் பெரிய நாளிதழ்களும் அவரைக் கடிந்துகொண்டன. வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு உரிய பணத்தைப் போர் விழுங்குகிறது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி; மறுஆண்டே போர்ச் செலவுக்காக வருமான வரிமீது 10 சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அதே 1967 ஏப்ரலில் முகமது அலி படையில் சேர மறுத்துக் குத்துச்சண்டைப் பட்டத்தை இழந்தார். அவர்மீதான தண்டனையை உச்ச நீதிமன்றம் 1971இல் நீக்கியது.

பிளவு முழுவதையும் ஒரே வீச்சில் சொல்ல முயலாமல் ஒரு பதினைந்து நாளை மட்டும் எடுத்து நுணுக்கமாகப் பார்ப்பது நல்ல பயிற்சி. அதற்கு 1970 மே மாதத்தைவிடப் பொருத்தமான காலம் எனக்குத் தெரியவில்லை. வியட்நாமின் அண்டை நாடான கம்போடியாவுக்குள் படைகள் நுழைவதை அதிபர் நிக்சன் ஏப்ரல் 30 அன்று அறிவித்தார். மே 4 அன்று ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படையினர் 13 விநாடிகளில் 67 குண்டுகளைச் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமுற்றார்கள். இறந்தவர்களில் இருவர் வகுப்புகளுக்கு இடையே நடந்து சென்றுகொண்டிருந்தவர்கள். நூற்றுக்கணக்கான வளாகங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆனால் அதையொட்டிய கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் மாணவர்கள்மீதே பழிபோட்டார்கள். மே 8 அன்று நியூயார்க்கில் கட்டுமானத் தொழிலாளர்கள் போர் எதிர்ப்பாளர்களைத் தாக்கினார்கள். மே 15 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். கென்ட் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்குகூட அந்தச் சாவுகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த நாட்களில் சிற்றூர் நாளிதழ்களுக்கு வந்த வாசகர் கடிதங்களைத் திரட்டிப் படியுங்கள். தலையங்கங்களில் அகப்படாத வேதனையும் வன்மமும் அவற்றில்தான் இருக்கின்றன.

அரசின் பங்கையும் தனியே ஆராய வேண்டும். 1969 நவம்பர் 3 அன்று நிக்சன், தெருவுக்கு வராதவர்களை ‘மௌனப் பெரும்பான்மை’ என்று அழைத்துப் பேசியபோது, ஏற்கெனவே இருந்த மனக்கசப்புக்கு ஒரு பெயரும் அரசியல் பயனும் கிடைத்தன. ஆனால் படைவீரர்களை ஒரு பக்கத்திலும் எதிர்ப்பாளர்களை மறுபக்கத்திலும் நிறுத்திய அந்தப் பிரிப்பு நிலைக்கவில்லை. 1971 ஏப்ரலில் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களே தங்கள் பதக்கங்களை அமெரிக்க காங்கிரஸ் கட்டடத்தின் படிகளில் வீசியெறிந்தார்கள்.

போராட்டம் போரை நிறுத்தியது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பெருந்திரள் ஊர்வலங்களுக்குப் பிறகும் போர் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. தடம் காட்டக்கூடிய மாற்றங்களை மட்டும் எழுதுங்கள்: 1971இல் வாக்குரிமை வயது 18 ஆனது, 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது, அதே ஆண்டில் போர் தொடுக்கும் அதிபரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இவை ஒவ்வொன்றிலும் போராட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியே வாதிட்டு நிறுவ வேண்டும்.

கடைசியாக, நினைவுகள். பல பத்தாண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட பேட்டிகளில், தாம் தொடக்கம் முதலே போரை எதிர்த்ததாகச் சொல்பவர்கள் 1965இன் கணிப்பு காட்டும் 24 சதவீதத்துக்குள் அடங்கக்கூடியவர்கள்தானா என்று பாருங்கள். அவர்கள் அக்காலத்தில் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட நினைவுச் சுவரைப் பற்றிய சர்ச்சைகளையும் இந்தப் பகுதியிலேயே சேருங்கள். 58,000-க்கு மேற்பட்ட பெயர்களைப் பதவி குறிப்பிடாமல், இறந்த நாளின் வரிசையில் தாங்கி நிற்கும் அந்தக் கருங்கல் சுவரைச் சிலர் அவமானம் என்றார்கள், சிலர் ஆறுதல் என்றார்கள். இரு தரப்பையும் அமைதிப்படுத்த 1984இல் மூன்று வீரர்களின் சிலை ஒன்று அருகில் வைக்கப்பட்டது.