பழத்தைப் பார்த்துக் கரடி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

நீலகிரி மாவட்டத்துச் சீகூர், மசினகுடிப் பக்கம் காட்டோரமாகக் குடியிருக்கிறவர்களும் சரி, வனத்துறையோடு கணக்கெடுப்புக்கு நடக்கிறவர்களும் சரி, கரடி என்றதும் கால்தடத்தைத்தான் தேடுகிறார்கள். வெயிலில் இறுகிப்போன தரையில் தடம் எங்கே விழும்? இந்த மாதம் எது பழுத்திருக்கிறது என்று பாருங்கள், கரடி அங்கேதான் வரும்.

மார்கழி, தை என்றால் இலந்தை. மாசி, பங்குனியில் கொன்றை. ஆனால் மஞ்சள் பூவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், கரடிக்கு வேண்டியது போன வருஷம் பூத்துக் காய்த்து இப்போது கறுத்துத் தொங்கும் நீளக் காய்க்குள் இருக்கிற இனிப்புச் சதை. ஆனி, ஆடியில் ஓடையோர நாவல். பழம் குறைந்த நாட்களில் கறையான் புற்றுதான் சாப்பாடு, மழை பெய்து புற்று இளகிவிட்டால் தோண்டவும் சுலபம்.

பழம் உதிர்ந்து கிடப்பது மட்டும் போதாது, எச்சத்தையும் பார்க்க வேண்டும். கரடி விதையை மெல்லாமல் விழுங்குவதால் அது அப்படியே வெளியே வந்துவிடும். கொன்றை தின்ற எச்சம் கறுப்பாகப் பிசுபிசுவென்று, தட்டையான பழுப்பு விதைகளோடு இருக்கும். கறையான் தின்றது என்றால் மண் கலந்திருக்கும். குச்சியால் கிளறுங்கள், கை வேண்டாம்.

இங்கே பலரும் தப்பு செய்வது இலந்தையில். மரத்தடியில் சுத்தமான கொட்டைகள் குவியலாகக் கிடந்தால் உடனே கரடி என்று சொல்லிவிடுகிறார்கள், அது பெரும்பாலும் புள்ளிமான் அசைபோடும்போது துப்பியது. சக்கை எதுவும் ஒட்டாத வெறும் கொட்டை என்றால் மானைத்தான் சந்தேகிக்க வேண்டும். மரநாயும் இதே பழங்களைத் தின்னும், ஆனால் அதன் எச்சம் விரல் பருமன்தான், பாறை மேலோ விழுந்த மரத்தின் மேலோ கிடக்கும். கரடியுடையது பெரிய குவியல்.

புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்குவது குற்றம், அதனால் இதையெல்லாம் தோட்டத்து ஓரத்திலும் ஊர்ப் பாதையிலும் பார்த்தால் போதும். எச்சம் ஈரமாக, சாண வண்டு மொய்த்துக்கொண்டு இருந்தால், அதுவும் பக்கத்திலேயே உண்ணி என்கிற முட்செடிப் புதர் அடர்ந்திருந்தால், ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். புதருக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கிற கரடிக்கு நீங்கள் வருவது கேட்காது, கிட்டே போய்விட்டால் அது மிரண்டுதான் பாயும். சத்தமாகப் பேசிக்கொண்டே வந்த வழியில் திரும்பிவிடுங்கள்.