ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும் ஒரே தொட்டியில்: என் அனுபவம்

நான்கு அடித் தொட்டி, ஏறக்குறைய 250 லிட்டர். விரல் நீளத்தில் இரண்டு ஆஸ்கர், ஒரு ஃபிளவர்ஹார்ன் என்று மூன்று வளர்ப்பு மீன்களைச் சென்னை கொளத்தூரில் வாங்கி வந்து ஒன்றாக விட்டேன். எட்டு மாதம் சமர்த்தாக இருந்தன. பிறகு ஒரு காலையில் சிறிய ஆஸ்கர் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் செங்குத்தாக ஒட்டி நின்றது. வால் துடுப்பு கந்தல்; விலாவில் நான்கைந்து செதில்களைக் காணவில்லை.

பசி என்று நினைத்து இரையைக் கூட்டினேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். சண்டை இடத்துக்காக: மூலையிலிருந்த பெரிய கல்லை ஃபிளவர்ஹார்ன் தன் கோட்டையாக்கியிருந்தது. அந்த மீனை ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, கற்களை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு இரவில் திரும்ப விட்டேன். பத்து நாள் அமைதி. பதினோராம் நாள் பழைய குருடி கதவைத் திறடி!

கடைசியில் துளையிட்ட அக்ரிலிக் தடுப்புதான் கைகொடுத்தது. முதலில் தெளிவான தகடு வைத்து ஏமாந்தேன். மறுபக்கம் தெரிந்ததால் ஃபிளவர்ஹார்ன் நாளெல்லாம் முட்டி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டது. கறுப்புத் தகட்டுக்கு மாற்றியதும் அடங்கியது. இரண்டு நாளுக்கொருமுறை முப்பது சதவீதம் தண்ணீர் மாற்றியதில், மூன்று வாரத்தில் ஆஸ்கரின் வால் விளிம்பில் கண்ணாடி போன்ற புதுச் சவ்வு வளர்ந்துவிட்டது. மருந்து எதுவும் ஊற்றவில்லை. ஆஸ்கர் ஓரடி வளரும் மீன்; அடுத்த செலவு ஆறடித் தொட்டி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.